மழையின் குணகம்

“எட்டு வருசமும் மழை ஒரே மாதிரித்தான் வேலை செய்ததெண்டு உமக்கு எப்பிடித் தெரியும், பிள்ளை?”

இறுதி வருடக் கருத்தரங்கில் என் ஆய்வை மேற்பார்வை செய்த விரிவுரையாளர் இப்படிக் கேட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். கேட்கும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. திரையில் நான் போட்டுக் காட்டியிருந்த ஒற்றைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தோட்டம் மாறேல்ல, மலை மாறேல்ல, தேயிலைச் செடியும் மாறேல்ல, மிஸ்” என்றேன்.

பின்வரிசையில் சிரித்தார்கள். நல்ல பதில் என்று நானும் நினைத்தேன். அந்த யாழ்ப்பாணப் பேச்சு என்னுடையது அல்ல. நான்கு வருடமாக விரிவுரை மண்டபங்களில் கேட்டுக் கேட்டுப் பழகிக்கொண்டது. அந்தப் பதிலில் சொன்ன மூன்றும் உண்மை. நான்காவதாகச் சொல்ல வேண்டியதை விழுங்கிவிட்டேன். தராசு மாறியிருந்தது. எந்த மாதம் மாறியது என்பதும் எனக்குத் தெரியும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் படித்து முடித்தவள் நான் ஒருத்திதான். கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில், ஓர் அறையில் பிறந்தேன். அம்மா கொழுந்து பறிக்கிறாள். அப்பா இருந்த காலம்வரை முதிர்ந்த செடிகளைக் கத்தரித்துக் கவ்வாத்து வெட்டினார். கலஹா பஸ் பேராதனையில் எங்கள் விரிவுரை மண்டபங்களைத் தாண்டித்தான் மேலே ஏறுகிறது. ஆனாலும் யாராவது ஊர் எது என்று கேட்டால் “கண்டி” என்பேன். மாவட்டம் கண்டிதானே, பொய் இல்லையே என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொள்வேன். மேலே ஒரு கேள்வி வந்தால், பரீட்சையில் என்ன புள்ளி எடுத்தேன் என்பதைப் பேச்சுக்கு நடுவே கொண்டுவந்துவிடுவேன். அதில் நான் கெட்டிக்காரி. புள்ளிகளும் நல்ல புள்ளிகள்தான்.

என் ஆய்வு சிக்கலானது அல்ல. ஒரு தோட்டத்தில் ஒருவர் ஒரு நாளில் பறிக்கும் கொழுந்தின் நிறை மழையோடு எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்ப்பது. ஆட்களின் எண்ணிக்கை, பசளை போட்ட மாதம், கவ்வாத்து வெட்டிய மலைகள் ஆகியவற்றின் பங்கைப் பிரித்தெடுத்த பிறகு மழைக்கென்று ஓர் எண் மிஞ்சும். மழை ஓர் அளவு கூடினால் கொழுந்து எவ்வளவு கூடும், அல்லது குறையும் என்று சொல்லும் எண். அதுதான் மழையின் குணகம். பாடத்தில் இப்படியான எண்களைப் பரமானம் என்பார்கள். மேலே தரவுகள் எவ்வளவுதான் ஆடினாலும் அடியில் அசையாமல் நிற்கிறது என்று நாம் நம்பிக்கொள்கிற எண். அது உண்மையிலேயே அசையாமல் நிற்கிறதா என்று பார்க்கவும் சோதனைகள் உண்டு. காலத்தை ஓர் இடத்தில் வெட்டி, இரண்டு பாதிக்கும் தனித்தனிக் கோடு போட்டுப் பார்க்க வேண்டும். ஒற்றைக் கோடு தவறவிட்டதைவிட இரண்டு கோடுகளும் தவறவிட்டது மிகவும் குறைவென்றால், வெட்டிய இடத்தில் ஏதோ மாறியிருக்கிறது.

தரவுகளைக் கண்டி டவுனில் உள்ள கம்பெனி அலுவலகத்தில் வாங்கினேன். சேலை உடுத்திக்கொண்டு, துறையின் கடிதத்தோடு போனேன். எழுதுவினைஞர் பல தோட்டங்களின் பட்டியலைக் காட்டினார். நான் எங்கள் தோட்டத்தில் விரலை வைத்தேன்.

“ஏன் இதையே?” என்றார்.

“எழுமாற்றாக, கண்ணை மூடிக்கொண்டு எடுத்ததுபோல” என்றேன்.

அவர் மரியாதையோடு தலையாட்டினார். ஆய்வு முடிந்ததும் அலுவலகத்துக்கு ஒரு பிரதி தர வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

தாள்களில் பெயர்கள் இல்லை, ஆட்களின் எண்கள்தான். அம்மாவின் எண் எனக்கு மனப்பாடம். அந்த வரிசையைக் கண்டதும், யாரோ பின்னால் நின்று பார்ப்பதுபோல அதை விரலால் மறைத்தேன். அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

தராசின் கதை இதுதான். முன்பு மலையடியில் கொக்கித் தராசு தொங்கியது. மழையில் நனைந்த கொழுந்தைத் தண்ணீரோடு சேர்த்தே நிறுப்பார்கள். சாக்குக்கென்று வெயில் நாளிலும் மழை நாளிலும் ஒரே அளவுதான் கழிப்பு. ஆகவே மழை நாளில் நிறை கூடித் தெரியும். நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தபோது டிஜிட்டல் தராசு வந்தது. அதோடு ஒரு புது வழக்கமும் வந்தது. இலை ஈரமாக இருந்தால் கணக்கப்பிள்ளை ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பார்ப்பார், தண்ணீருக்கென்று இரண்டோ மூன்றோ கிலோ வெட்டுவார். ஒரே நாளில் மூன்று நிறுவை, மூன்றிலும் வெட்டு. அதற்குப் பிறகு மழை நாளில் நிறை குறைந்து தெரிந்தது.

நாளுக்கு இத்தனை கிலோ என்று ஓர் அளவு உண்டு. அதற்குக் குறைந்தால் அரைப்பேர். நாள் முழுவதும் மலையில் நின்றாலும் அரை நாள் வேலை என்றே பதிவாகும். தண்ணீருக்கு வெட்டத் தொடங்கியதும் பெண்கள் ஒரு காலை கூடைகளைக் கவிழ்த்துவைத்துத் தராசடியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அன்று தோட்டத்தை நிர்வகித்த தொரை இறங்கிவந்து, மழை மாதங்களில் அந்த அளவில் இரண்டு கிலோ குறைப்பதாக ஒத்துக்கொண்டார். அம்மா தலை சொட்டச் சொட்ட வந்து இதைச் சொன்னபோது நான் பொருளியல் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். கொப்பியில் தண்ணீர் விழுகிறது என்று எரிந்து விழுந்தேன்.

இறுதி வருடத்தில், ஒரு பிற்பகல், கணினி அறையில் அந்த மாதத்தில் காலத்தை வெட்டிச் சோதனையைச் செய்து பார்த்தேன். பக்கத்துக் கதிரையில் என் அறைத்தோழி இருந்தாள். அலவத்துகொடக்காரி. அவளுடைய வாப்பாவுக்குப் பிலிமத்தலாவையில் பலசரக்குக் கடை. முடிவு திரையில் வந்ததும் அவள்தான் முதலில் எட்டிப் பார்த்தாள்.

“இந்தா புள்ள, முதல் பாதில மழைக்குக் கூடுது, ரெண்டாம் பாதில கொறயுது. ரெண்டயும் ஒண்டாப் போட்டா ஒண்டுமில்லாமப் போகும்தானே. நடுவுல என்னமோ நடந்திருக்கி.”

“தரவில பிழை இருக்கும்.”

“பிழை இவ்வளவு அழகா வராது. எங்கட வாப்பா கடைல தராசு மாத்தின நேரம் சனம் ஒரு மாசம் சண்டை புடிச்சிச்சு. ஒரு மாமி வீட்டுல இருந்து தேங்காய் கொண்டுவந்து நிறுத்துப் பாத்தா. அப்பிடி ஏதாச்சும் ஈக்கும்.”

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். எனக்கு முகம் சுட்டது. “தோட்டத்தப் பத்தி உனக்கென்ன தெரியும்?” என்றேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினாள். அவளுக்குத் தெரியவேண்டியதில்லை. எனக்குத்தான் தெரியும்.

மறைத்ததற்குக் காரணம் இருந்தது. வெட்டும் மாதத்தை வரைபைப் பார்த்து வசதிப்படி பொறுக்கக்கூடாது, ஏன் அந்த மாதம் என்பதற்கு வெளியே ஒரு காரணம் வேண்டும், அடிக்குறிப்பில் மூலத்தைக் காட்ட வேண்டும் என்று விரிவுரையாளர் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். கம்பெனித் தாள்களில் தராசைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வெட்டியது போக மிஞ்சிய நிறை மட்டும்தான் அலுவலகத்துக்கு வந்திருந்தது. எனக்கிருந்த ஒரே மூலம் அம்மா. அடிக்குறிப்பில் அம்மாவை எழுதினால், கருத்தரங்கில் யாராவது ஒருவர் “இது யார்?” என்று கேட்பார். நான் பதில் சொல்ல வேண்டிவரும். அந்த ஒரு பதிலைச் சொல்லாமலிருக்க, அந்தக் கோப்பை அழித்தேன். ஒற்றைக் கோட்டுக்குத் திரும்பினேன்.

ஒற்றைக் கோட்டில் மழையின் குணகம் ஏறக்குறையப் பூச்சியம். கடைசி அத்தியாயத்தில் இப்படி எழுதினேன்: “எனவே, மழைக்காலத்தில் நாளாந்த அளவைக் குறைப்பதற்குப் புள்ளிவிபர ஆதாரம் எதுவும் இல்லை.” அந்த வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அறையில் அதை வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன். பெரிய ஆட்கள் எழுதுவதுபோல இருந்தது. அந்த அளவை யார் எட்ட வேண்டும் என்பது எனக்கு நினைவில்லாமல் இல்லை. ஒரு மாணவியின் ஆய்வை யார் வாசிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

பட்டத்தில் நல்ல வகுப்புக் கிடைத்தது. துறையிலேயே தற்காலிக வேலையும் கிடைத்தது. சொன்னபடி கண்டி அலுவலகத்துக்குப் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துத் தேநீர் தந்தார்கள். உயர்ந்த இலைத் தேநீர். மெச்சிக் குடித்துவிட்டு வந்தேன்.

பெருமழை தொடங்கி இரண்டு வாரம் கழித்து வீட்டுக்குப் போனேன். அம்மா சோறு போட்டுத் தந்துவிட்டு எதிரே உட்கார்ந்து காலில் அட்டை கடித்த இடங்களுக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள்.

“இந்த மாசத்துல இருந்து அந்த ரெண்டு கிலோ குறைக்கிறது இல்லையாம்” என்றாள். “புதுத் தொரை சொல்லிட்டாரு.”

“ஏனாம்?”

“கம்பஸ்ல இருந்து எவளோ ஒரு படிச்சவ எழுதிக் குடுத்துருக்காளாம். மழ பேஞ்சாலும் பேயாட்டியும் கொழுந்து ஒண்ணுதானாம். கணக்கப்புள்ள காயிதத்தக் காட்டுறாரு. தண்ணிக்கு வெட்டுறத மட்டும் விடல. அந்தச் சிறுக்கி ஒரு நாளாவது இந்த அட்டக்கடியில வந்து நின்னுருப்பாளா?”

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

“தின்னு. என்னா சோத்தோட வெளாடுற?”

கணக்கப்பிள்ளை வாசித்துக் காட்டிய கம்பெனிக் கடிதத்தில் ‘பல்கலைக்கழக மாணவி ஒருவரின் ஆய்வு’ என்றுதான் இருந்திருக்கிறது. என் பெயர் இல்லை. அது தெரிந்ததும் எனக்கு முதலில் வந்தது ஆறுதல். வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. இந்த வரிசையை மாற்றிச் சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் நடந்தது இப்படித்தான். அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன்.

அடுத்த முறை போனபோது சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தேன். அம்மாவுக்கு எழுத வராது. முழுப்பேர் கிடைத்த நாளுக்கு வட்டமும் அரைப்பேருக்கு அரைவட்டமும் போடுவாள். அந்த மாதத்தில் அரைவட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஒரு வாரம் முழுவதும் வட்டமே இல்லை.

“அம்மா, அது நான்தான்.”

“எது?”

“அந்தக் காயிதம். மழையில கொழுந்து குறையாதுன்னு எழுதுனது.”

அம்மாவுக்கு விளங்க நேரம் எடுத்தது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது.

“அப்ப அந்தச் சிறுக்கி நீயா?”

நான் சிரிக்கவில்லை. அவளும் நிறுத்திக்கொண்டாள்.

“தராசு மாத்துனது உனக்குத் தெரியும்தானே. நான்தானே வந்து சொன்னேன்.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் எழுதல?”

“எழுதுனா, உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க.”

“கேட்டா சொல்ல வேண்டியதுதானே. எங்கம்மா அங்கதான் கொழுந்து…”

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சட்டியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். அங்கே வெகுநேரம் ஒரே சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. திரும்பி வந்து ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

“யாருகிட்டயும் சொல்லாத. நாளைக்கு நான் அவங்களோடதான் நெரை புடிச்சுக் கொழுந்து எடுக்கணும்.”

அம்மாவைப் பற்றிச் சொல்ல எனக்கு நான்கு வருடம் கூசியது. இப்போது என்னைப் பற்றிச் சொல்ல அம்மாவுக்குக் கூசியது. அவளுக்கு மட்டும் அதற்கு நியாயமான காரணம் இருந்தது.

அடுத்த நாளே விரிவுரையாளரிடம் போனேன். அழித்த கோப்பு, தராசு, அம்மா, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“ஓம், அண்டைக்கே உம்மட பதில் எனக்குப் பிடிக்கேல்ல. சோதனை செய்யாமல் விட்டிருந்தால் அது கவனக்குறைவு. செய்துபோட்டு ஒளிச்சிருக்கிறீர். திருத்தினால் உம்மட வகுப்பைத் திரும்பப் பாப்பினம். வேலையும் போனாலும் போகும். விளங்குதோ?”

“விளங்குதுங்க, மிஸ்.”

“உம்மட அம்மா சொன்னதெண்டு மட்டும் எழுதினால் கம்பெனி சிரிக்கும். எழுத்தில ஏதும் இருக்கோ?”

இருந்தது. ஒவ்வொரு பெண்ணுக்கும் கணக்கப்பிள்ளை கொழுந்துத் துண்டு என்று ஒரு சீட்டுக் கொடுப்பார். காலை, பகல், மாலை நிறுவைகளும், தண்ணீருக்கு வெட்டியதும் அதில் அவர் கையாலேயே எழுதப்பட்டிருக்கும். அம்மாவின் பழைய துண்டுகள் அடுப்புக்குப் போய்விட்டன. மற்றவர்களிடம் கேட்க வேண்டும். கேட்பதென்றால் ஏன் என்று சொல்ல வேண்டும்.

அம்மாவிடம் அனுமதி கேட்டேன். “சனிக்கெழம எல்லாரும் இருப்பாங்க” என்றுவிட்டு அடுப்படிக்குப் போனாள். சனிக்கிழமை மாலை நிறுவை முடியும் நேரம் தராசடிக்குப் போனேன். அம்மா வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டு தலைத்துண்டைச் சரிசெய்தாள். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். மழைத் தூறல் சாக்குகளில் விழுந்துகொண்டிருந்தது. அம்மாவோடு நிரை பிடிக்கும் பெரியம்மாதான் முதலில் வாயைத் திறந்தார்.

“நல்லாப் படிச்சடி. உங்காத்தாவுக்கே அரைப்பேரு போட்டுட்டியே.”

இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருத்தி சிரிக்கவில்லை. அவளுக்கு என் வயதுதான். ஐந்தாம் வகுப்புவரை என்னோடு ஒரே வாங்கில் இருந்தவள். “எனக்குப் போன மாசம் பன்னெண்டு அரைப்பேரு” என்றாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

“சரி, சரி, அழுவாத” என்றார் பெரியம்மா. “நீ அழுவுறதுக்கா நாங்க நனைஞ்சுக்கிட்டு நிக்கிறோம்? இப்ப என்னா வேணும், சொல்லு.”

“பழைய துண்டு இருந்தா குடுங்க, பெரியம்மா. தராசு மாறுறதுக்கு முந்தினது, பிந்தினது, எதுனாலும்.”

இருட்டுவதற்கு முன் கொண்டுவந்து தந்தார்கள். பால்மா டின்னில் சுருட்டி வைத்தவை, சாமிப் படத்துக்குப் பின்னால் செருகியவை, திருமணப் பத்திரிகைகளோடு சேர்த்துக் கட்டியவை. சிலவற்றைக் கரையான் அரித்திருந்தது. பழைய துண்டுகளில் மூன்று நிறுவைகள் மட்டும் இருந்தன. புதியவற்றில், மழை நாட்களில், ஒவ்வொரு நிறுவைக்கும் கீழே சிவப்பில் ஒரு கழித்தல். அந்தக் கழித்தல் முதன்முதலாக வந்த மாதம் எல்லார் துண்டிலும் ஒன்றேதான். கூடையைத் தூக்கிக்கொண்டு போனவளின் துண்டுகளை அவளுடைய தம்பி மனைவி கொண்டுவந்து தந்தாள்.

கணினி அறையில் அதே சோதனையைத் திரும்பச் செய்தேன். அலவத்துகொடத் தோழி விடுமுறை நாளில் வந்து துண்டுகளை எனக்கு வாசித்துக் காட்டினாள். நான் விஷயத்தைச் சொன்னபோது அவள் என்னைத் திட்டவில்லை. “இவ்வளவு நாளும் நீ பெரிய வீட்டுப் புள்ளயாக்கும் எண்டு, எங்கட வீட்டுக் கறியத் தர வெக்கப்பட்டு ஒளிச்சு ஒளிச்சுத் திண்டேனே” என்றாள். முடிவு முன்போலவே வந்தது. முதற் பாதியில் மழைக்கு நிறை ஏறுகிறது, இரண்டாம் பாதியில் இறங்குகிறது. வித்தியாசம் தற்செயல் என்று சொல்லித் தப்ப முடியாத அளவு பெரிது. எட்டு வருடத்துக்கும் பொதுவான ஒரு குணகம் அந்தத் தோட்டத்தில் இல்லவே இல்லை.

கடைசி அத்தியாயத்தைத் திருப்பி எழுதினேன். எனக்குப் பிடித்த அந்த வாக்கியம் போய்விட்டது. அதனிடத்தில், தண்ணீருக்கு வெட்டும் வழக்கம் இருக்கும்வரை மழை மாதங்களில் அளவைக் குறைத்தே ஆக வேண்டும் என்று இருக்கிறது. அடிக்குறிப்பில் இப்படி எழுதினேன்: “மூலம்: அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் பதினொருவரின் நிறுவைத் துண்டுகள். ஆய்வாளரின் தாயார் அங்கே வேலை செய்கிறார். தராசு மாறிய மாதத்தை முதலில் சொன்னவர் அவர்.” அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “தாயார்னா நான்தானே?” என்று கேட்டுவிட்டு அடுப்பை ஊதப் போனாள். மன்னித்தாளா என்று தெரியவில்லை. கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

முதல் ஆய்வில் ஒரு சோதனை முடிவை நானே மறைத்தேன் என்று பெயரெழுதிக் கையெழுத்திட்ட கடிதத்தோடு, நேற்று ஒரு பிரதியைக் கண்டி அலுவலகத்தில் கொடுத்து, வாங்கியதற்கு முத்திரை பெற்றுக்கொண்டேன். இன்னொன்றைத் துறையில் ஒப்படைத்தேன். அந்த இரண்டு கிலோவைப் பற்றிப் பேசப் புதுத் தொரை வியாழக்கிழமை காலை பெண்களைக் கூப்பிட்டிருக்கிறார். நானும் அவர்களோடு போய் நிற்க, அன்றைக்குத் துறையில் விடுமுறை கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, துண்டுகள் எல்லாவற்றையும் மாதவாரியாக அடுக்கிப் பெரியம்மாவிடம் சேர்ப்பித்துவிட்டேன்.